நடக்க முடியாத பெண்ணை வரைந்தேன்

“இந்தப் பொண்ணால நடக்க முடியாதும்மா.”

மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த ஓவியத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அழகாக இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்த எனக்கு முகம் சுருங்கிப்போனது.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புத் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். ஏதாவது ஒரு காலகட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்து மனிதர்களை ஐந்து ஓவியங்களில் காட்டவேண்டும் என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒப்படைப்பு. வகுப்பில் பலர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் 1900 முதல் 1914 வரையிலான பாரிஸ் நகரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நீண்ட கழுத்து, இறகு வைத்த தொப்பி, தரையைத் தொடும் பட்டு உடை, கையில் ஒரு விசிறி. உயர்நிலை இரண்டில் நூலகத்தில் ஒரு பெரிய ஓவியப் புத்தகத்தைப் புரட்டிய நாளிலிருந்து அந்தப் பெண்கள் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இந்த ஐந்து ஓவியங்களும் பல்கலைக்கழக நுழைவுக்கு நான் அனுப்பவேண்டிய படைப்புத் தொகுப்பிலும் இடம்பெற வேண்டியவை. அது கைகூடாவிட்டால் வேறு துறைக்கு மாறிவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மா தேக்காவில் ஒரு தையல் கடையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். “துணியோட மாரடிக்கிற வேலை என்னோட போகட்டும்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். நான் துணிகளை வரைவதுகூட அவருக்கு முழுமையாகப் பிடித்ததில்லை.

அதனால் அவர் குறை சொன்னபோது, அந்தப் பழைய வருத்தத்தில்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என் விரிவுரையாளரும் ஏறக்குறைய அதையே சொன்னார். “துணி நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஆள் இல்லையே” என்றார்.

இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் அது குறையாகத்தான் இருக்கவேண்டும். அன்று இரவு படத்தை மறுபடியும் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அம்மா ஓர் அடிக்கோலை எடுத்து, படத்தில் இடுப்பின் அகலத்தையும் உடையின் கீழ் ஓரத்தின் அகலத்தையும் அளந்தார். “கீழ்ச் சுற்று எவ்வளவு சின்னதா வெச்சிருக்கே பாரு. கால மட்டும் இவ்வளவு தூரம் எட்டி வைக்க விட்டிருக்கே. நிஜத்துல இப்படி நடந்தா துணி கிழியும், இல்ல அவ விழுந்துருவா” என்றார்.

நான் வரைந்தது ஒரு பெண் வண்டியில் ஏறும் காட்சி. எங்கோ பார்த்த ஓர் உடையையும் வேறெங்கோ பார்த்த ஒரு நடையையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தேன். அந்த உடை எப்படித் தைக்கப்பட்டது, அதை அணிந்தவர் எப்படி அசைந்தார் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

பாரிசில் என்ன நடந்தது?

மீண்டும் நூலகத்துக்குப் போனேன். இந்த முறை படங்களை ரசிப்பதற்குப் பதிலாக உடைகள் எப்படி மாறின என்று பார்த்தேன்.

1900ஆம் ஆண்டு வாக்கில் நாகரிகப் பெண்கள் ‘கார்செட்’ என்னும் இறுக்கமான உள்ளாடையை அணிந்தார்கள். அது இடுப்பை ஒடுக்கி, மார்பை முன்னால் தள்ளி, இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியைப் பின்னால் தள்ளியது. பக்கவாட்டில் பார்த்தால் உடல் ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல வளைந்து தெரியும். அக்காலப் படங்களில் பெண்கள் சற்றே முன்னால் சாய்ந்து நிற்பதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம். நான் அதை ஓவியரின் கற்பனை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்களை வரைந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜொவான்னி போல்டினி. 1842ல் இத்தாலியின் ஃபெராரா நகரில் பிறந்து, பாரிசில் குடியேறி, 1931ல் அங்கேயே இறந்தவர். நீளமான, வேகமான தூரிகை வீச்சுகள் அவருடைய அடையாளம். 1896ல் அவர் வரைந்த ‘மதாம் சார்ல் மாக்ஸ்’ என்னும் ஓவியம் இப்போது பாரிசின் ஓர்சே அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தப் பெண் தன் நீண்ட உடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். முதலில் அதை ஓர் அழகான நிலை என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் காட்டியபோது, “புடவையைத் தூக்கிப் பிடிச்சுட்டுப் படி ஏறுறோமே, அது மாதிரிதான்” என்றார். தரையைக் கூட்டும் உடையை அணிந்தவர் நடக்கவேண்டுமானால் அதைத் தூக்கித்தான் ஆகவேண்டும். போல்டினியின் வேகமான கோடுகளுக்குள் நிஜமான ஓர் அசைவு இருக்கிறது. என் படத்தில் இல்லாதது அதுதான்.

பிறகு வந்தவர் பால் புவாரே. 1879ல் பாரிசில் ஒரு துணி வணிகரின் மகனாகப் பிறந்தவர். இளவயதில் அவரைக் குடை செய்பவர் ஒருவரிடம் வேலைக்கு விட்டார்கள். அங்கே மிஞ்சும் பட்டுத் துண்டுகளை எடுத்துவந்து ஒரு பொம்மைக்கு உடை தைத்துப் பார்ப்பாராம். பெரிய உடை நிறுவனங்களில் வேலை பார்த்த பின் 1903ல் சொந்தமாகக் கடை தொடங்கினார்.

அவர் செய்த பெரிய மாற்றம், உடை தொங்கும் இடத்தை மாற்றியது. அதுவரை உடை இடுப்பில் நின்றது. புவாரே அதைத் தோளிலிருந்து தொங்கவிட்டார். இடுப்புக்கோட்டை மார்புக்குக் கீழே உயர்த்தினார். கார்செட்டை ஒதுக்கினார். வளைந்து நின்ற பெண் நேரான தூண்போல் ஆனார். அவருடைய மனைவி டெனிஸ்தான் அந்த உடைகளுக்கு முதல் மாதிரி.

இது ஓவியருக்கு மிக முக்கியமான செய்தி. 1900ஆம் ஆண்டுப் பெண்ணை வரையும்போது இடுப்பில் தொடங்கவேண்டும். 1910ஆம் ஆண்டுப் பெண்ணை வரையும்போது தோளில் தொடங்கவேண்டும். நான் இரண்டு பேரையும் ஒரே மாதிரி வரைந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் தைத்த பாவாடை

இடுப்பை விடுவித்த அதே புவாரே 1910 வாக்கில் கால்களைக் கட்டிப்போட்டார். முழங்காலுக்குக் கீழே மிகவும் ஒடுங்கிய ‘ஹாபிள் ஸ்கர்ட்’ அப்போது வேகமாகப் பரவியது. கால்களைத் தளையிட்டதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டார். அதை அணிந்தவர்கள் அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க முடிந்தது. தவறி எட்டி வைத்தால் துணி கிழியும் என்பதால், சிலர் இரண்டு கால்களையும் இணைக்கும் ஒரு பட்டையை உள்ளே கட்டிக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1912ல் தாழ்வான நுழைவாயில் உள்ள டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, மக்கள் அவற்றுக்கு இந்தப் பாவாடையின் பெயரையே வைத்தார்கள்.

நான் இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். மறுநாள் இரவு கடையிலிருந்து வந்தவர், மலிவான காடாத் துணியில் எனக்கு ஓர் ஒடுங்கிய பாவாடையை ஓட்டுத் தையலில் தைத்துக் கொடுத்தார். கீழ்ச் சுற்று 36 அங்குலம். “போட்டு நடந்து பாரு, அப்புறம் வரை” என்றார்.

கூடத்திலிருந்து சமையலறைவரை நடக்க முயன்றேன். எங்கள் வீவக வீட்டில் அது பத்து எட்டுகூட இருக்காது. அன்று இருபதுக்கு மேல் வைத்தேன். நாற்காலியில் உட்கார முதலில் பக்கவாட்டில் திரும்பவேண்டியிருந்தது. கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுக்க முடியவில்லை. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று வாரத்தில் கற்காததைக் கற்றேன். கால் கட்டப்பட்டால் உடலின் மேல்பகுதி அசையத் தொடங்குகிறது. சமநிலைக்காகக் கை வெளியே வருகிறது, தலை சற்றுச் சாய்கிறது, கழுத்து நீள்கிறது. அந்தக் காலத்துப் படங்களில் நாம் நளினம் என்று பார்ப்பதில் ஒரு பங்கு, விழாமல் நிற்பதற்கான முயற்சி.

அம்மா எதிரில் உட்கார்ந்து, துணியில் சுருக்கங்கள் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்று விரலால் காட்டினார். “எந்தச் சுருக்கமும் சும்மா வராது. ஏதோ ஒரு இடம் இழுக்குது, இல்ல ஏதோ ஒரு இடம் தாங்குது” என்றார். எந்த ஓவியப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதை நான் படித்ததில்லை.

தகடு வெட்டி வண்ணம் பூசியவர்கள்

புவாரேயின் உடைகளை உலகம் அறிந்ததில் ஓவியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1908ல் பால் இரீப் என்னும் இளம் ஓவியரைக் கொண்டு தம் உடைகளின் படத்தொகுப்பை அவர் வெளியிட்டார். அச்சானவை 250 பிரதிகள் மட்டுமே. 1911ல் ஜார்ஜ் லெபாப் வரைந்த இரண்டாவது தொகுப்பு வந்தது. தட்டையான வண்ணங்கள், மெல்லிய கோடு, நிறைய வெற்றிடம். ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களின் தாக்கம் அவற்றில் தெளிவாகத் தெரியும்.

1912ல் லூசியென் வோஜெல் ‘கஸெட் டு போன் டோன்’ என்னும் உயர்தர நாகரிக இதழைத் தொடங்கினார். லெபாப், ஜார்ஜ் பார்பியே, சார்ல் மார்ட்டேன் போன்றோர் அதில் வரைந்தார்கள். போரினால் இடையில் நின்று, மீண்டும் தொடர்ந்து, 1925வரை வெளிவந்தது. சில படங்கள் உண்மையான உடைகளைக் காட்டின. சில, ஓவியர் தாமே கற்பனை செய்த உடைகள்.

இந்தப் படங்களின் வண்ணங்கள் ஏன் இன்றும் அவ்வளவு புதிதாகத் தெரிகின்றன? அவை இயந்திரத்தில் அச்சிட்ட வண்ணங்கள் அல்ல. ‘போஷ்வார்’ என்னும் முறையில் கையால் பூசியவை. முதலில் கோட்டுப்படத்தை மட்டும் அச்சிடுவார்கள். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக மெல்லிய உலோகத் தகட்டை வெட்டி, தாள்மேல் வைத்து, அந்தத் துளையின் வழியே தூரிகையால் வண்ணம் பூசுவார்கள். நாம் பள்ளியில் அட்டை வெட்டி எழுத்துகளுக்கு வண்ணம் பூசுவோமே, அதே அடிப்படைதான். ஒரே படத்துக்கு 20, 30 தகடுகள்கூடத் தேவைப்பட்டன. ஒவ்வொரு பிரதிக்கும் இத்தனை முறை. படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். வண்ணம் பூசியவரின் பெயர் இருக்காது.

நான் வாங்கிய அட்டையில் ஒரு சிறிய படத்துக்கு ஐந்து தகடுகள் வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது வண்ணத்திலேயே ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான்கு தாள்களை வீணாக்கிய பிறகுதான் ஒன்று தேறியது.

தலைப்பாகையின் கதை

அந்தக் காலப் படங்களில் பல பெண்கள் இறகு செருகிய தலைப்பாகை அணிந்திருப்பார்கள். அது பிரெஞ்சுக் கற்பனை என்றுதான் நினைத்தேன். உண்மையில், புவாரே லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்து வியந்து, தம் கடையிலிருந்து ஒருவரை வரவழைத்து, அவை கட்டப்பட்ட விதத்தை அப்படியே பதிவுசெய்ய வைத்தார். சிறிது காலத்தில் பாரிசில் தலைப்பாகை நாகரிகமாகிவிட்டது. 1911 ஜூன் மாதம் தம் தோட்டத்தில் ‘ஆயிரத்திரண்டாவது இரவு’ என்ற பெயரில் அவர் நடத்திய விருந்துக்கு ஏறக்குறைய 300 பேர் கிழக்கத்திய வேடத்தில் வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் சங்கடமும் ஏற்பட்டன. இந்தியாவில் யாரோ நெய்து, யாரோ கட்டிய துணி, கண்ணாடிப் பேழைக்குள் போய், அங்கிருந்து பாரிஸ் சீமாட்டியின் தலைக்கு ஏறியிருக்கிறது. எடுத்தவர் பெயர் நமக்குத் தெரியும். கட்டியவர் பெயர் தெரியாது. என் இரண்டாவது ஓவியத்தில் தலைப்பாகையை வரைந்தபோது, அதை மங்கலான அலங்காரமாக விடாமல், ஒவ்வொரு மடிப்பும் எதன்மேல் ஏறி எதற்குள் செருகப்படுகிறது என்று தெரியும்படி வரைந்தேன். அந்தக் கைவேலைக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

ஐந்தாவது படம்

நான்கு ஓவியங்கள் முடிந்தன. ஐந்தாவதாக யாரை வரைவது என்ற கேள்வி வந்தது. புவாரேயின் வேறொரு முயற்சியைப் பற்றிப் படித்தபோது ஒரு வழி கிடைத்தது. 1911ல் அவர் தம் மகள் பெயரில் ‘மார்ட்டின்’ என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த, ஏறக்குறைய 12 வயதுச் சிறுமிகள் அங்கே சேர்ந்தார்கள். வழக்கமான பாடம் கிடையாது. தோட்டங்களுக்கும் விலங்குத் தோட்டத்துக்கும் போய், பார்த்ததை வரையவேண்டும். அவர்கள் வரைந்த பூக்களும் இலைகளும் துணிகளிலும் சுவர்த் தாள்களிலும் ஏறின.

அப்படியென்றால் அந்த ஆடம்பரத்துக்குப் பின்னால் வேறு பெண்களும் இருந்திருக்கிறார்கள். தேடியபோது ‘மிடினெட்’ என்ற சொல் கிடைத்தது. பாரிஸ் உடைக் கடைகளின் தையல் பெண்களுக்கு அந்தப் பெயர். நண்பகலில் வெளியே வந்து அவசரமாகச் சிறிது சாப்பிட்டுத் திரும்புவதால் வந்த பெயர் அது. 1917 மே மாதம், போர்க்காலத்தில் விலைவாசி ஏறிக்கிடந்தபோது, ஓர் உடைக் கடையின் தையல் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். கூலி குறையாமல் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அடுத்த மாதமே, ஜூன் 11ஆம் தேதி, உடைத் தொழிலில் உள்ள பெண்களுக்கு அந்த ஓய்வைத் தரும் சட்டம் வந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அம்மா இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவார். ரவிக்கைகளில் கொக்கி வைத்துவைத்து விரல் நுனி தடித்திருக்கும். நான் மூன்று ஆண்டுகளாக அழகான உடைகளை வரைகிறேன். அவற்றைத் தைக்கும் கையை ஒரு முறைகூட வரைந்ததில்லை.

ஐந்தாவது ஓவியத்தில், தலைப்பாகை அணிந்த சீமாட்டி நேராக நிற்கிறார். அவர் காலடியில் ஒரு தையல் பெண் மண்டியிட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி, உடையின் கீழ் ஓரத்தை மடித்துக் குத்துகிறார். ஒளி இருவர்மேலும் ஒரே அளவில் விழுகிறது.

“ஒப்படைப்பின் கருப்பொருளிலிருந்து இது விலகுகிறதே” என்றார் விரிவுரையாளர். மதிப்பெண் குறையலாம் என்றும் எச்சரித்தார். நான் ஒரு வாரம் யோசித்தேன். பாதுகாப்பாக இன்னொரு சீமாட்டியை வரைந்துவிடலாம். படைப்புத் தொகுப்பில் ஐந்தும் ஒரே சீராக இருக்கும். ஆனால் மற்ற நான்கு படங்களில் நான் சரிசெய்த ஒவ்வொன்றும் தையல் தெரிந்த ஒருவரின் கண்ணால் வந்தது. அவரை மட்டும் வெளியே நிறுத்த மனம் ஒப்பவில்லை. படத்தை மாற்றவில்லை. என் விளக்கக் குறிப்பில் காரணத்தை எழுதி இணைத்தேன்.

அந்த ஒரு படத்துக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். பல்கலைக்கழக நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது.

நீங்களும் முயலலாம்

பழைய காலத்து மனிதர்களை வரைய விரும்பும் மாணவ நண்பர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உடையில்லாமல் உடலை மெல்லிய கோட்டில் வரையுங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். இயல்பான உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் கொண்டது. நாகரிகப் படங்களில் அது ஒன்பது, பத்துத் தலைவரை நீட்டப்படும். நீட்டுவதானால் தெரிந்தே நீட்டுங்கள்.

அடுத்து, துணி எங்கிருந்து தொங்குகிறது என்று கேளுங்கள். தோளா, மார்புக்குக் கீழா, இடுப்பா? அந்த இடத்திலிருந்துதான் மடிப்புகள் புறப்படும்.

துணிக்குத் துணி ஒளி மாறும். சாட்டினில் வெளிச்சமும் நிழலும் கூர்மையாகப் பிரியும். வெல்வெட்டில் வெளிச்சம் ஓரங்களில் தங்கும். மெல்லிய துணிக்கு, அடியில் உள்ள நிறம் காய்ந்த பிறகு மேலே நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசவேண்டும். வீட்டில் இருக்கும் புடவைகளை நாற்காலியில் போட்டு வரைந்து பழகலாம். செலவே இல்லை.

கடைசியாக, படத்தை அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உடையை வரைந்தால் தையல்காரரிடம், கப்பலை வரைந்தால் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவிடம். அவர்களுக்கு ஓவியம் தெரியாது என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படைப்புத் தொகுப்பை அனுப்பும் முந்தைய இரவு ஐந்து ஓவியங்களையும் கூடத்தில் வரிசையாக வைத்தேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்தாவதின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மண்டியிட்ட பெண்ணின் கையை உற்றுப் பார்த்தார். எதுவும் சொல்லமாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

“ஊசிய இப்படிப் பிடிச்சா குத்திக்கும்மா. கட்டை விரல இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு” என்றார்.

அதைத் திருத்திய பிறகுதான் அனுப்பினேன்.